கல்லும் காட்டுவழியும் – 7: சோழன் கட்டாத சோழீசுவரம்

சென்ற வாரம் திருமயத்தில் நிறுத்தியிருந்தேன். ஒரே பாறையில் சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை. இரண்டு கோயில்காரர்களும் வருமானத்துக்காக மல்லுக்கட்ட, 1245-இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகன் வந்து பஞ்சாயத்துப் பேசித் தீர்த்தார். இந்த வாரம் புதுக்கோட்டை நகரத்தைத் தாண்டி வடக்கே திருச்சி சாலையில் கொஞ்சம் போய், அங்கிருந்து மேற்கே திரும்புகிறோம். நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர். கார் உள்ளவர்கள் காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் நான்கையும் எட்டிப் பார்த்துவிடலாம். நின்று பார்க்க வேண்டுமானால் ஒரு இரவு புதுக்கோட்டையில் தங்குங்கள். ராத்திரிக்கு முட்டை மாஸ் கிடைக்கும்.

வண்டி ஓட்டிய தம்பிக்குச் சொந்த ஊர் கீரனூர்ப் பக்கம். பின் இருக்கையில் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர். வாத்தியாரய்யா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். நகரத்தை விட்டு வெளியே வந்ததும் இருபுறமும் தைலமரக்காடு. இடையிடையே முந்திரி, செம்மண் பொட்டல், கோடையில் தரை தெரியும் கண்மாய்கள். தம்பி கேட்டார்: "ஐயா, நாம பாக்கப்போறதெல்லாம் சோழர் கட்டினதுதானே?"

வாத்தியாரய்யா உடனே பதில் சொல்லவில்லை. "பலகையில அப்படித்தான் போட்டிருக்கும். போய்ப் பாப்போம்" என்றார்.

இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் சுற்றப் போகிறோம். புதுக்கோட்டை வட்டாரத்தில் பழைய கோயில் எதற்குப் போனாலும் ஊரார் வாயில் ஒரு பேரரசன் பெயர் வருகிறது. சுவரையும் பாறையையும் படித்தால் வேறு யாரோ வருகிறார்கள்: ஒரு முத்தரையர், அவர் மகள், ஒரு வணிகர் குழு, மதுரையிலிருந்து வந்த ஓர் ஆசிரியர், ஒரு வேளிர் தலைவர், அவருடைய இரண்டு மனைவிமார்.

நார்த்தாமலை என்பது ஒரு மலையல்ல. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை, பொன்மலை என்று ஒன்பது குன்றுகளின் கூட்டம். பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து ஊருக்குள் நுழைந்தால் முதலில் முத்துமாரியம்மன் கோயில் வரும். பங்குனித் திருவிழாவுக்கு ஜனம் அலைமோதும் கோயில் அது. மேலமலைக்கு ஏறுகிறவர்கள் வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள். பாறை சுட ஆரம்பித்தால் செருப்புக்குள்ளும் கால் பொரியும்.

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "மேல கோயிலுக்கா போறீக? வெளக்குப் போட ஒரு ஆளு இல்ல. போட்டா புடிக்கத்தான் எல்லாரும் வர்றீக" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. கையில் கேமரா இருந்தது.

ஏறும் வழியில் பாறைக்குள் ஒரு சுனை. தண்ணீருக்கு அடியில் குடைந்த மாடத்தில் ஒரு லிங்கம் இருக்கிறது. 1857-இல் தொண்டைமான் அரசி அந்த நீரை இறைக்கச் செய்து, லிங்கத்தைக் கும்பிட்டதாகப் பக்கத்துப் பாறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் யாரும் ஒரு காரியத்தைச் செய்துவிட்டுச் சும்மா போனதில்லை என்பதற்கு அந்தச் சின்ன எழுத்தே அத்தாட்சி.

அதற்கு மேலே, சரிவான வெற்றுப் பாறையின்மீது விசயாலய சோழீசுவரம். பார்த்ததும் கண்ணில் படுவது அதன் அளவு. தஞ்சாவூரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சின்னக் கோயில். ஆனால் சுற்றி வந்தால் கட்டியவரின் கணக்குப் புரியும். விமானத்தின் கீழ்த் தளங்கள் மூன்றும் சதுரம். அதற்கு மேல் நான்காவது தளமும் கழுத்தும் சிகரமும் வட்டம். உள்ளே போனால் இன்னும் விசேஷம். வெளிச்சுவர் சதுரமாக இருக்க, கருவறை மட்டும் வட்டமாக அதற்குள் நிற்கிறது. சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே சுற்றி வர ஒரு குறுகிய பாதை. மேற்கு பார்த்த வாசலில் இரண்டு துவாரபாலகர்கள். பெரிய கோயிலைச் சுற்றிக் குட்டிச் சன்னதிகள் எட்டு இருந்தன, ஆறு நிற்கின்றன. தமிழ்நாட்டுக் கோயில் கட்டடக்கலையை ஒரே இடத்தில் வைத்துப் பேச வேண்டும் என்றால், என்னைக் கேட்டால், மாணவர்களை முதலில் இங்கேதான் கூட்டி வரவேண்டும். தஞ்சாவூரில் எல்லாம் உயரத்தில் இருக்கிறது. இங்கே கை எட்டும் தூரத்தில் இருக்கிறது.

விசயாலயன் என்றால் கி.பி. 850-ஐ ஒட்டித் தஞ்சாவூரைப் பிடித்து, பிற்காலச் சோழர் ஆட்சிக்கு அடிக்கல் நாட்டியவன். அவன் பெயரில் ஒரு கோயில் இருந்தால் அவன்தான் கட்டினான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வாசலில் துவாரபாலகருக்குக் கீழே இருக்கும் கல்வெட்டு வேறு சொல்கிறது. இந்தக் கற்றளியை எடுப்பித்தவர் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர்; அது மழையால் இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தார். அவ்வளவுதான். சோழன் என்ற பேச்சே இல்லை. இவர்கள் முத்தரையர் வட்டாரத்துத் தலைவர்கள். விசயாலயன் தஞ்சாவூரைப் பிடித்ததே முத்தரையரிடமிருந்துதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள். தோற்றவர் கட்டிய கோயிலுக்கு வென்றவர் பெயர். கோயில் யாருடையது என்ற வழக்கு ஆய்வாளர்களுக்குள் இன்னும் முடியவில்லை. சோழர் கட்டட மரபோடு சேர்த்தே இதைப் பேசுகிறவர்கள் உண்டு. நான் வாசலில் இருக்கும் சாட்சியை நம்புகிறேன்.

கோயிலுக்கு எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். சின்னதற்குப் பெயர் பழியிலி ஈசுவரம். அதைப் பற்றிய கல்வெட்டு பல்லவ மன்னன் நிருபதுங்கனின் ஏழாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், வெட்டப்பட்டது. விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி இந்தக் கோயிலைக் குடைவித்தார். அவருடைய மகள், மல்லன் அனந்தன் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டவர், பழியிலி சிறியநங்கை. முகமண்டபம், நந்தி, நந்திக்கு ஒரு கொட்டில், பலிபீடம் எல்லாம் அவர் செய்வித்தது. பல்லவன் பெயர் அங்கே எதற்கு வருகிறது? ஆண்டைக் குறிக்க. காசு கொடுத்தவர் அப்பனும் மகளும்.

அந்தக் கல்வெட்டில் இருக்கும் குடும்ப அட்டையைக் கவனியுங்கள். சிறியநங்கையின் கணவருக்குப் பட்டப்பெயர் மீனவன் தமிழதியரையன். எதிரே இருக்கும் கோயிலைப் பழுதுபார்த்தவருக்குத் தென்னவன் தமிழதியரையன். இருவர் பெயரிலும் மல்லன் இருக்கிறது. ஒரே வீட்டு ஆட்களாக இருக்க நிறைய வாய்ப்பு. அப்பா குடைந்தார், மகள் மண்டபம் போட்டார், புகுந்த வீட்டார் எதிர்க் கோயிலைச் செப்பனிட்டார்கள் என்று ஒரு கதை கிடைக்கிறது. பேரரசர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நமக்கு, மாமனாரும் மருமகனும் சேர்ந்து ஒரு மலையைக் கோயிலாக்கினார்கள் என்று எழுத ஏனோ கை வருவதில்லை.

பக்கத்துப் பெரிய குடைவரையைச் சமணர் குடகு என்கிறார்கள். பெயர் சொல்வதுபோல முதலில் சமணர் இடம். பிறகு வைணவக் கோயிலாக மாறி, பதினெண்பூமி விண்ணகரம் என்று பெயர் பெற்றது. உள்ளே ஆள் உயரத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், சங்கும் சக்கரமும் ஏந்தி, ஏறக்குறைய ஒரே அச்சில், வரிசையாக நிற்கின்றன. பதினெண்பூமி என்பது திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயர்களில் ஒன்று. கடல் தாண்டிச் சுமத்ரா வரை கல்வெட்டு விட்டுப்போன அதே ஐந்நூற்றுவர்தான். சோழர் காலத்தில் நார்த்தாமலைக்குத் தெலிங்க குலகாலபுரம் என்ற பெயரும் உண்டு. நகரத்தார் சபை நடத்திய வணிக ஊர் இது. இன்று ஆடு மேயும் இந்தச் சரிவுக்குக் கீழே ஒரு காலத்தில் சரக்குப் பொதிகள் இறங்கியிருக்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் இங்கிருந்துதான் போயிற்று என்று ஊரில் சொல்வார்கள். தஞ்சாவூரைச் சுற்றிப் பாறை இல்லை, ஆகவே போயிருக்கலாம். இன்றும் இந்தப் பக்கத்திலிருந்து கல் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஜல்லியாக. மேலமலையில் நின்று பார்த்தால் தூரத்தில் குவாரிப் பள்ளங்கள் வெள்ளையாகத் தெரியும். கிரஷர் லாரிகள் போகும் சாலையில் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் சித்தன்னவாசலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

அன்னவாசல் போகும் வழியில், மலையை நெருங்குவதற்கு முன்பே, சாலையோரத்தில் கற்களை வட்டமாக நிறுத்திய ஈமக்காடு வருகிறது. பலரும் வண்டியை நிறுத்துவதில்லை. ஊர்க்காரர்கள் இதைக் குரங்குப்பட்டடை என்று சொல்வது வழக்கம். பெருங்கற்காலத்துக் கல்லறைகள். பலகைக் கற்களை நான்கு பக்கமும் நட்டு, மேலே ஒரு மூடுகல் போட்டு, சுற்றி வட்டம் வைத்திருக்கிறார்கள். பெயர் எழுதும் பழக்கம் வருவதற்கு முந்தைய ஆட்கள், ஆகவே அங்கே யாரிடமும் ஒன்றும் கேட்க முடியாது.

மலையில் ஏறியதும் எழுத்து வந்துவிடுகிறது. ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகைக்குப் போகும் வழி, மலையின் விளிம்பில் பாறையில் வெட்டிய படிகளின் வழியாகப் போகிறது. இப்போது இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். கம்பி இல்லாத காலத்தில் துறவிகள் எப்படி வந்து போனார்கள் என்று தம்பி திரும்பத் திரும்பக் கேட்டார். "அவசரம் இல்லாதவங்க" என்றார் வாத்தியாரய்யா. உள்ளே வழவழவென்று தேய்த்த பதினேழு கற்படுக்கைகள், தலைப்பக்கம் தலையணைபோல மேடு வைத்து. அவற்றில் பெரிய படுக்கையை ஒட்டித் தமிழி எழுத்து. கி.மு. முதல் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி என்பவருக்காகச் சிறுபோசில் என்ற ஊர் இளையர் செய்து கொடுத்த இருக்கை இது என்பது அதன் பொருள். எருமிநாடு என்பதை இன்றைய மைசூர்ப் பக்கமாக அறிஞர்கள் காண்கிறார்கள். அப்படியானால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கன்னட நாட்டிலிருந்து இந்தப் பொட்டல் மலைக்கு நடந்து வந்து படுத்திருக்கிறார். அவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தது உள்ளூர் ஆட்கள். அதிலும் அரசன் இல்லை. எழுநூறு எண்ணூறு ஆண்டுகள் கழித்து இங்கே தவம் இருந்தவர்களும் பக்கத்துப் படுக்கைகளில் பெயரைப் பொறித்திருக்கிறார்கள்: திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன்.

ஆனால் கூட்டம் வருவது இதற்கல்ல, கீழே மேற்குச் சரிவில் இருக்கும் அறிவர் கோயிலுக்கு. அங்கே ஓவியம் இருக்கிறது. அர்த்தமண்டபத்தின் கூரை முழுக்க ஒரு தாமரைக் குளம். மலர்ந்த பூ, மொட்டு, இலைகளுக்கு நடுவே மீன், வாத்து, எருமை, யானை, கையில் பூவோடு ஆட்கள். சமணர் சொல்லும் சமவசரணத்துக்குப் போகிற வழியில் பக்தர்கள் பூப்பறிக்கும் குளம் அது. தூண்களில் ஆடும் பெண்கள் இருவர். ஒருத்தியின் கை வீச்சு இன்னும் மங்கவில்லை. ஓர் அரசனும் அரசியும்கூட உண்டு, கோடுகள் மட்டும் மிச்சமாக. கூரையில் பாதி உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதைப் பார்க்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டும். சற்று நேரம் போனால்தான் இருட்டுக்குக் கண் பழகி, இலைகளுக்கு அடியில் மீன்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். காவலரை அவசரப்படுத்தாதீர்கள், அவரும் உங்களை அவசரப்படுத்தாமல் இருக்கட்டும். கருவறையில் மூச்சை இழுத்து மெல்ல முனகினால் சுவர் திருப்பி முனகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியத்தைவிட அதுதான் பிடிக்கிறது.

1920 வாக்கில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இந்த ஓவியங்களை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தபோது, இவை பல்லவ மகேந்திரவர்மன் காலத்தவை என்றே சொன்னார். மகேந்திரன் முதலில் சமணன், பிறகு சைவன். ஓவியத்தில் புலி, இசையில் கெட்டிக்காரன், நாடகமும் எழுதியவன். இவ்வளவு தகுதி உள்ளவனிடம் ஒரு குகையை ஒப்படைத்துவிடுவது வசதி. ஆனால் வாசலுக்குப் பக்கத்துப் பாறையில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டைப் படித்தபோது வேறு இருவர் வந்தார்கள். பாண்டியன் அவனிபசேகரன் சீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து, முன்னே முகமண்டபமும் எடுத்தார் என்கிறது அது. இப்போது கூரையில் நாம் பார்க்கும் பூச்சும் வண்ணமும் அந்தப் புதுப்பிப்பைச் சேர்ந்தவை என்பதே பலர் முடிவு. பாண்டிய மன்னன் பெயர் இங்கேயும் காலக் கணக்குக்குத்தான். வேலை நடத்தியவர் ஓர் ஆசிரியர். சமணப் பள்ளி ஆசிரியராக இருக்கலாம். தூரிகை பிடித்த கைகளுக்கு அவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் எடுத்த முகமண்டபம் காலத்தில் விழுந்துவிட்டது. இன்று முன்னால் நிற்கும் தூண்கள் குடுமியான்மலையில் இடிந்துகிடந்த மண்டபத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகியாக இருந்த அலெக்ஸாண்டர் டாட்டன்ஹாம் காலத்து ஏற்பாடு. அந்தத் தூண்களின் சொந்த ஊருக்குத்தான் அடுத்துப் போனோம்.

குடுமியான்மலை கோபுரத்தைத் தாண்டினால் நாயக்கர் காலத்துப் பாணியில் ஒரு மண்டபம். ஆள் உயரத்துக்கு மேல் இராவணன், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மன், மோகினி, ரதி. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் இடம் அது, நாங்களும் நின்றோம். அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மேலே குன்றின் நெற்றியில் அறுபத்துமூவரையும் வரிசையாகச் செதுக்கியிருப்பதைக் கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது மேலைக்கோயில் என்ற குடைவரைக்குப் பக்கத்தில், மழைநீர் வழியும் பாறைச் சரிவில், பதின்மூன்றுக்குப் பதினான்கு அடி அளவில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டை. கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஏழு கிராம ராகங்களுக்கான சுரக்கோவைகள். நான்கு நான்கு எழுத்தாக அடுக்கியிருக்கிறார்கள். 1904-இல் கல்வெட்டுத் துறை இதைப் பதிவு செய்தது. இந்தியாவில் இசைக்கென்று பாறையில் இவ்வளவு பெரிதாக வெட்டிய எழுத்து வேறு இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். முடிவில் ஒரு குறிப்பு: உருத்திராசாரியாரின் மாணவனான, பரம மாகேசுவரனான ஓர் அரசன், சீடர்களின் நன்மைக்காக இந்தச் சுரங்களைச் செய்தான். அதற்கும் கீழே தமிழில் ஒரு சின்ன வரி, இவை எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்று. யாழ் நரம்பின் எண்ணிக்கையைச் சொல்வதாக அதற்கு விளக்கம் உண்டு. பக்கத்தில் பரிவாதினி என்ற வீணையின் பெயரும் வெட்டியிருக்கிறது. திருமயத்திலும் இதேபோல ஒன்று இருந்து, பிறகு அழிக்கப்பட்டு, சில சொற்கள் மட்டும் தப்பியிருப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம்.

அந்த அரசன் யார்? கல்வெட்டில் பெயர் இல்லை. பாடப் புத்தகத்தில் இருக்கிறது: மகேந்திரவர்மன். சங்கீர்ணசாதி என்ற இசைப் பட்டம் அவனுக்கு உண்டு, சைவனானவன், கலைஞன், வேறு யார் இருக்க முடியும் என்பது வாதம். ஆனால் மகேந்திரனுடைய கல்வெட்டு என்று உறுதியாகச் சொல்லத்தக்கது காவிரிக்குத் தெற்கே இந்த வட்டாரத்தில் கிடைக்கவில்லை. அவன் தன் பட்டப்பெயர்களைத் தூண் தூணாக வெட்டிப் பெருமைப்பட்டவன். திருச்சி மலைக்கோட்டைக் குகைக்குப் போனால் தெரியும். அப்பேர்ப்பட்டவன் இத்தனை பெரிய இசைக் கல்வெட்டில் மட்டும் பெயர் போடாமல் அடக்கமாகப் போயிருப்பானா? எழுத்தமைதியை வைத்தும் இந்த முடிவை மறுத்தவர்கள் உண்டு. எனக்கு இது இந்தப் பக்கத்துச் சிற்றரசன் ஒருவனுடையதாகத்தான் படுகிறது. வாத்தியாரய்யா சம்மதிக்கவில்லை. "சின்ன ராசாவுக்கு ஏழு ராகம் எதுக்குப்பா?" என்றார். பெரிய ராசாவுக்கு மட்டும் எதற்கு என்று நான் கேட்க, வாக்குவாதம் இலுப்பூர் வரை ஓடிற்று.

கிளம்புவதற்கு முன் அம்மன் சன்னதிக்கு ஒருமுறை போய் வந்தோம். பாண்டியர் காலத்தில் துர்க்கையாண்டார் மகள் உமையாழ்வி நாச்சி என்ற தேவரடியார் கோயிலிடமிருந்து நிலம் வாங்கி, இந்த அம்மனை எழுந்தருளச் செய்திருக்கிறார். கல்வெட்டு அதைச் சொல்கிறது. அறிவிப்புப் பலகையில் அவர் பெயரைத் தேடினேன், கண்ணில் படவில்லை.

இலுப்பூர் தாண்டி, விராலிமலை மயில்களுக்கு அன்று நேரமில்லாமல், கொடும்பாளூர் போய்ச் சேர்ந்தபோது மாலை வெயில். திருச்சி – மதுரை நான்குவழிச் சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. கண்ணகியும் கோவலனும் மதுரைக்கு நடந்தபோதும் இந்தச் சாலைச் சந்திப்பு இங்கேதான் இருந்தது. கொடும்பையின் பெரிய குளக்கரையில் மதுரைக்கு மூன்று வழி பிரிவதைச் சிலப்பதிகாரம் விவரிக்கிறது. சோழ நாட்டிலிருந்து பாண்டிய நாட்டுக்கு எந்தப் படை போனாலும், எந்தச் சரக்கு போனாலும், இந்த ஊர்க்காரரைக் கேட்காமல் போக முடியாது. அந்த ஊர்க்காரர்தான் இருக்குவேள்.

கல்கி வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 'பொன்னியின் செல்வ'னின் பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரி, மயங்கி மயங்கி விழும் வானதி, எல்லாரும் இந்த ஊர். தம்பி படம் பார்த்திருந்தார், புத்தகம் படிக்கவில்லை, "அந்தப் பெரியவர் நெசமாவே இருந்தாரா சார்?" என்று கேட்டார். இருந்தார். மூவர் கோயில் அவர் கட்டியது.

மூன்று விமானங்கள் ஒரே வரிசையில் மேற்கு பார்த்து இருந்தன. நடுவும் தெற்கும் நிற்கின்றன, வடக்கே அடித்தளம் மட்டும். சுற்றிலும் குட்டிச் சன்னதிகளின் அடிமானங்கள் புல்தரையில் தெரிகின்றன. நிற்கும் இரண்டிலும் சிற்பங்களின் அடக்கம் அபாரம். வீணை ஏந்திய சிவன், யானையை உரித்தவர், அர்த்தநாரி, உமையோடு சாய்ந்திருப்பவர். அளவு சின்னது, கல் அழுத்தமான நிறம், சாய்ந்த வெயிலில் முகங்கள் தெளிந்து வருகின்றன. குடுமியான்மலை மண்டபத்துப் பூதாகாரங்களைக் காலையில் பார்த்தவருக்கு மாலையில் இது மருந்து.

நடு விமானத்துச் சுவரில் சமஸ்கிருதத்தில், கிரந்த எழுத்தில், ஒரு நீண்ட கல்வெட்டு. இந்த நாள் முழுக்க நாங்கள் பார்த்தவற்றில் சந்தேகத்துக்கே இடம் வைக்காத எழுத்து அதுதான். பூதி விக்கிரமகேசரி தன் முன்னோர் பட்டியலைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார். அப்பா சமராபிராமன், அம்மா அனுபமா, சோழர் வீட்டுப் பெண். காவிரி நீர் சிவக்கப் பல்லவர் படையை வென்றதைச் சொல்கிறார். மனைவியர் கற்றளி, வரகுணை. தன் பெயரால் ஒன்று, மனைவியர் பெயரால் ஒவ்வொன்று என மூன்று விமானங்கள் எடுத்ததைச் சொல்கிறார். பிறகு கணக்கு வழக்கு: காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்கு ஒரு பெரிய மடம், ஐம்பது தபசிகளுக்குச் சோறு போடப் பதினொரு ஊர்கள். இத்தனை வரியிலும் தனக்கு மேலே இன்னார் ஆள்கிறார், இது அவருக்கு இத்தனையாவது ஆண்டு என்ற குறிப்பு மட்டும் கிடையாது.

அதன் விளைவு வேடிக்கையானது. ஆண்டுக் குறிப்பு இல்லாததால் இந்தக் கோயிலின் காலம் இன்றும் இழுபறி. ஒன்பதாம் நூற்றாண்டுக் கடைசி என்பார்கள் சிலர். நீலகண்ட சாஸ்திரியார் உள்ளிட்டோர் பத்தாம் நூற்றாண்டின் பிற்பாதி, இரண்டாம் ஆதித்தன் காலம் என்றார்கள். எழுபது எண்பது ஆண்டு வித்தியாசம். மேலே ஒரு சக்கரவர்த்தியின் பெயரைப் போட்டிருந்தால் ஆய்வாளர்களுக்கு வேலை மிச்சம். வேளார் அந்த உதவியைச் செய்யவில்லை.

நார்த்தாமலையில் கட்டியவர் பெயரைக் கல்வெட்டு சொல்லியும் நாம் வேறு பெயர் சொல்கிறோம். குடுமியான்மலையில் பெயரே இல்லாமலிருந்தும் ஒன்றைக் கொடுத்துவிட்டோம். கொடும்பாளூரில் மட்டும் அந்த ஆட்டம் செல்லவில்லை, ஆள் தன் வம்சத்தையே எழுதி வைத்துவிட்டதால். இவ்வளவையும் படித்துப் பதிப்பித்ததும் ஒரு சின்ன அரசுதான் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானம் 1910-இல் அருங்காட்சியகம் தொடங்கியது. 1929-இல் தன் எல்லைக்குள் கிடைத்த 1,130 கல்வெட்டுகளையும் திரட்டி ஒரே நூலாக அச்சிட்டது. பிரித்தானிய இந்தியாவின் பெரிய மாவட்டங்கள் பலவற்றுக்கு வாய்க்காத கொடுப்பினை இது. சாத்தன் பூதியையும் சிறியநங்கையையும் உமையாழ்வியையும் இன்று நாம் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறதென்றால் அந்த நூலுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

காவலர் விசில் ஊதினார். முசுகுந்தேசுவரர் கோயிலைக் கேட்டுக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டு, நான்குவழிச் சாலையோரக் கடையில் டீ குடித்தோம். தம்பி கேட்டார்: "அப்ப நாளைக்குப் போற கோட்டை யாரு கட்டினது?"

நாளைக்குப் போவது பொற்பனைக்கோட்டை. புதுக்கோட்டைக்குக் கிழக்கே, முனீசுவரர் கோயிலுக்குப் பெயர்போன ஊர். சங்ககாலத்து மண்கோட்டை, சுற்றி அகழி, தமிழி எழுத்துப் பொறித்த நடுகல். 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே குழி தோண்டிச் செங்கல் கட்டுமானத்தையும் பொன்னணியையும் எலும்பு முனைக் கருவியையும் எடுத்தார்கள். கோட்டையைக் கட்டியவர் பெயர் எதிலும் இல்லை. அதற்குள் ஊரில் மூன்று அரசர்கள் பெயர் சொல்லக் கேட்டுவிட்டேன்.

(தொடரும்)